எலுமிச்சை நாற்காலிக்கு ஒரு கத்திரி

மகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மூன்றாவது வாரம், சாப்பாட்டு மேஜையில் அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலி துளிர்த்தது. முதுகுச் சட்டத்தின் மூலையில், வார்னிஷைப் பிளந்துகொண்டு, பட்டாணி அளவுக்கு ஒரு பச்சை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி அதைப் பூஞ்சை என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்தாள். மறுநாள் அது இரண்டு இலை விட்டிருந்தது. கசக்கி முகர்ந்ததில் எலுமிச்சை என்று தெரிந்தது. நாற்காலியைச் செய்த தச்சரை வரவழைத்தார்கள். அவர் அதைக் கவிழ்த்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, இது தேக்கு, அதுவும் நன்றாகக் காயவைத்த தேக்கு, இதில் எலுமிச்சை வர வழியே இல்லை, தன் வேலையில் ஒரு குறையும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது புது முள் அவர் விரலைக் குத்தியது. தெருவில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. நான்கு வீடு தள்ளியிருந்த ஓய்வுபெற்ற ரயில்வே கார்டின் நிழல் எப்போதும் அவருக்குக் கொஞ்சம் பின்னால்தான் வந்துசேரும். கதவைச் சாத்தும் முன் அதற்காக அவர் நின்று காத்திருப்பதைப் பார்த்துப் பழகிய தெரு அது.

சண்டைக்குக் காரணம் ஒரு கோணம். வீட்டின் முன்னறைதான் கடை. அதன் ஒரு மூலையைத் திரைபோட்டு இருட்டாக்கி, அங்கேதான் கண்ணாடிக்காரர் கண் பரிசோதிப்பார். ஒரு லென்ஸைப் போடுவார், எடுப்பார், இன்னொன்றைப் போடுவார். "முதலாவது தெளிவா இருக்கா, ரெண்டாவதா?" என்று கேட்பார். வந்தவர் எப்போது "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்கிறாரோ அப்போது பரிசோதனை முடிந்தது என்று அர்த்தம். சட்டை, தர்பூசணி, வாடகைக்கு வந்தவர்கள், மகளுக்கு வந்த வரன்கள் எல்லாவற்றையும் அவர் இப்படி இரண்டிரண்டாக நிறுத்தித்தான் தேர்ந்தெடுத்தார். மகனின் கண்ணையும் வருடா வருடம் அவரேதான் பார்த்தார். அந்தப் பையன் மிகச் சின்ன வயதிலேயே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான்: "ரெண்டும் ஒண்ணுதான்பா" என்று சொல்லிவிட்டால் விளையாடப் போகலாம். அதனால் அவன் கண்ணாடியில் ஒரு லென்ஸ் வைக்க வேண்டிய கோணத்தில் வைக்கப்படாமல், வருடா வருடம் அதே சாய்வில் மறுபடி மறுபடி பொருத்தப்பட்டது. பள்ளிக்கூடம் முழுக்க அவனுக்குத் தலைவலி. படிக்கச் சோம்பல், அதற்குத்தான் தலைவலி என்று அப்பா சொன்னார். வேறு ஊரில் ஒரு வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில், ஒரு டாக்டர் கோணத்தைத் திருத்தினார். அன்றைக்குத்தான் அவன் ஒரு கம்பத்தை நேராகப் பார்த்தான்.

அதை அவன் சாப்பாட்டு மேஜையில் சொன்னான். முதலில் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பாதான் தட்டைத் தள்ளிவைத்தார்.

"என் கையில தப்பு வராது. நீதானடா ஒவ்வொரு தடவையும் ரெண்டும் ஒண்ணுன்னு சொன்ன?"

"பத்து வயசுப் பையன் சொன்னா ஒண்ணாயிடுமாப்பா? தலை வலிக்குதுன்னும்தான் சொன்னேன். அதை மட்டும் ஏன் நம்பல?"

என் மேஜையில் உட்கார்ந்து என் தொழிலைக் குறை சொல்பவனுக்கு இங்கே சாப்பாடு இல்லை என்று அப்பா சொன்னார். மகன் எழுந்தான், நாற்காலியை மேஜைக்குள் ஒழுங்காகத் தள்ளினான், போய்விட்டான். அதன் பிறகு அக்காவோடு மட்டும் போனில் பேசினான். அப்பாவைப் பற்றி அவன் கேட்பதில்லை. அவனைப் பற்றி அப்பாவும் கேட்பதில்லை. ஆனால் மகள் போன் பேசும்போது அவர் லென்ஸ் தேய்க்கும் மிஷினை நிறுத்திவிடுவார்.

துளிர் ஒரு சாண் ஆனதும், அதை வெட்டிவிட வேண்டும் என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தார். சமையலறைக் கத்திரி வளைந்தது. கண்ணாடிச் சட்டங்களை நறுக்கும் குறடால் வெட்டிப் பார்த்தார். கிளை நார் நாராகப் பிய்ந்தது. பிய்ந்த இடத்தில் மறுநாள் இரண்டு துளிர். அவர் மனைவி வந்து குறடைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இது என் பிள்ளை நாற்காலி. வெட்டுறதா இருந்தா நான்தான் வெட்டுவேன். அதுக்குன்னு இருக்கிற கத்திரி ஒண்ணு நல்லதா வாங்கிட்டு வாங்க. கண்டதை வச்சுக் கடிச்சுத் துப்பாதீங்க."

கண்ணாடிக்காரர் கடைத்தெரு முனையில் இருந்த இரும்புச் சாமான் கடைக்குப் போனார். அந்தக் கடையை நடத்திய அம்மாள் கிளை நறுக்கும் கவாத்துக் கத்திரிகளைச் சுவரில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். இரண்டு சாதி உண்டு என்றார். ஒன்று, சாதாரணக் கத்திரிபோல ஓர் அலகு இன்னொன்றை உரசிக்கொண்டு தாண்டிப் போவது. அது பச்சைக் கிளைக்கு. மற்றதில் மேல் அலகு மட்டும்தான் கூர். கீழே தட்டையான ஒரு தாங்கி, அதன் மேல் அலகு வந்து உட்காரும், காய்கறிப் பலகையில் கத்தி இறங்குவதுபோல. அது காய்ந்த கிளைக்கு. பச்சைக் கிளையை அதில் வைத்தால் நசுக்கிவிடும்.

"உங்களது பச்சையா, காய்ஞ்சதா சார்?"

"நாற்காலி."

"அதுதான் சார், பச்சையா, காய்ஞ்சதா?"

கண்ணாடிக்காரர் தெருவைப் பார்த்தார். காய்ந்ததுதான் என்று சொன்னார். தட்டைத் தாங்கி வைத்த கத்திரி ஒன்றைக் கொண்டுபோனார். அன்று சாயங்காலமே அவர் மனைவி அதைத் திருப்பிக் கொடுத்தாள். கிளையின் பட்டை நசுங்கி, சாறு நாற்காலியின் காலில் வழிந்திருந்தது. "இதைப் பாத்தா காய்ஞ்சது மாதிரியா இருக்கு உங்களுக்கு? ஊருக்கே கண்ணாடி போட்டு விடுறீங்க" என்றாள்.

அதன் பிறகு வருடங்கள் போயின. கண்ணாடிக்காரர் வாங்காத கவாத்துக் கத்திரி கிடையாது. கடைக்கார அம்மாளை இரண்டிரண்டாக எடுத்துத் தரச் சொல்லி, முதலாவதா இரண்டாவதா என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டு, ஒன்றைத் தேறவைத்து எடுத்துப் போவார். சில நாளில் அது திரும்பி வரும். "பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க சார்" என்று சொல்லி அந்த அம்மாள் அவருக்காகவே ஒரு ஸ்டூலை ஒதுக்கினார். அவர் கற்றுக்கொண்டார். பிடி முழுதாகத் திறந்து நிற்கும்போது நான்கு விரலும் எட்டிச் சுற்றிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பத்து வெட்டில் கை ஓய்ந்துவிடும். ஸ்பிரிங் அலகைத் திறக்கத்தான், விரலோடு மல்லுக்கு நிற்க அல்ல. ஈரக் காகிதத்தை அலகின் நுனியில் வைத்து வெட்டிப் பார்க்க வேண்டும்; மடித்துவிட்டால் நுனி சேரவில்லை. நடுத் திருகைக் கழற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும், கழற்றித் தீட்ட முடியாத கத்திரி ஒரு வருடக் கத்திரி. பிடியின் நிறம் சிவப்பாக இருந்தால் நல்லது, புல்லில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் கண்ணாடியோடு இந்த அறிவுரையையும் வாங்கிக்கொண்டு போனார்கள். தோட்டம் வைத்திருந்தவர்கள் கண்ணில் கோளாறு இல்லாமலும் வந்தார்கள். அவர் அதுவரை ஒரு கிளையைக்கூடச் சரியாக வெட்டியதில்லை என்பது யாருக்கும் ஒரு குறையாகத் தோன்றவில்லை.

புதுக் கத்திரி வீட்டுக்கு வந்து, மனைவி அதை நாற்காலியிடம் எடுத்துப் போகும் நேரத்தில், அவர் முன்னறைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொள்வார். அவள் வெட்டுவதை அவர் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் ஏதாவது ஒரு குறையோடு வருவாள். இது கைக்கு வரவில்லை. இது பாதி வெட்டும்போதே தானாகப் பூட்டிக்கொள்கிறது. இதில் வெட்டுகிற இடமே கண்ணுக்குத் தெரியவில்லை, அலகு மறைக்கிறது. கடைசிக் குறையைக் கேட்டதும் கண்ணாடிக்காரர் அவளை உட்கார்த்திவைத்துக் கண்ணைப் பரிசோதித்து, புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அடுத்த கத்திரியிலும் அதே குறை. இன்னொரு கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அவளிடம் ஒரு டிராயர் நிறையக் கண்ணாடிகள் சேர்ந்தன. ஒவ்வொரு முறை கத்திரி தோற்கும்போதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. அவளுக்கும் அப்படித்தான். இது ஒருவருக்கொருவர் தெரிந்துவிடாமல் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, உனக்குக் கத்திரி வேண்டாம்னு சொல்லிடேன்" என்று மகள் ஒரு நாள் சொன்னாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்தாள், எதையும் சுருக்கமாகப் பேசுவாள்.

"வேண்டாம்னு யாருடி சொன்னா? நல்லதா ஒண்ணு வேணும்னுதான் சொல்றேன்."

"அவரும் நல்லதா ஒண்ணு தேடிட்டுத்தான் இருக்காரு. ரெண்டு பேரும் நல்லா இருங்க."

நாற்காலி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அதன் நான்கு காலும் தரை ஓடுகளைப் பிளந்து கீழே இறங்கின. உட்காரும் பலகை தண்டுக்குள் போய்விட்டது. முதுகுச் சட்டத்தின் ஒரு வளைவு மட்டும் பட்டைக்கு வெளியே தெரிந்தது. கிளைகள் தொட்டதும் மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள். மேஜையைச் சுவர்ப்பக்கம் நகர்த்தி, மூன்று பேரும் ஒரே பக்கமாக உட்கார்ந்து, புகைப்படம் எடுத்துக்கொள்பவர்களைப் போலச் சாப்பிட்டார்கள். மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சட்டைக் கையை முள் பிடித்துக்கொண்டது. அவர் இழுத்துக் கிழிக்காமல் பொறுமையாக விடுவித்ததைப் பார்த்துத்தான் மகள் சம்மதம் சொன்னாள். கல்யாணத்துக்குத் தம்பி வரவில்லை. மரம் அந்த வருடம் நிறையக் காய்த்தது. கூடை கூடையாகத் தெருவுக்குக் கொடுத்தார்கள். ரயில்வே கார்டு தனக்கு ஒரு பங்கும் நிழலுக்கு ஒரு பங்கும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் உள்ளே கிளைகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி, வெளிச்சம் இறங்காமல், நடுவில் காய ஆரம்பித்திருந்தன. முள் மட்டும் காயவில்லை.

ஒரு காலையில் அவர் மனைவி மரத்தடியைப் பெருக்கக் குனிந்தாள். துடைப்பம் தட்டி ஒரு கிளை வளைந்து, விடுபட்டு, அவள் வலது கண்ணில் அடித்தது.

கண்ணாடிக்காரர் ஓடிவந்தார். இருட்டு மூலையில் உட்கார வைத்து, டார்ச் அடித்து, பழக்கத்தில் ஒரு லென்ஸை எடுத்துப் பிடித்தார். "இது தெளிவா இருக்கா? இதுவா?"

"வலிக்குதுங்க" என்றாள் அவள்.

"சரி, இதுல எப்படி இருக்கு? முதலாவதா, ரெண்டாவதா?"

"வலிக்குதுன்னு சொல்றேன், நீங்க தெளிவைக் கேக்குறீங்களே."

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். ஆட்டோ பிடித்துக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். கருவிழியில் கீறல், ஆழமில்லை, ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னார். மருந்து விட்டு, பஞ்சு வைத்து ஒட்டி அனுப்பினார். இன்னும் இம்மி தள்ளியிருந்தால் பார்வை போயிருக்கும் என்றும் சொன்னார். இனி வெட்டுவதா வேண்டாமா என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது. அவர் கோடரிக்காரரை வரச் சொல்லப் போவதாகச் சொன்னார். அவள் ஒரு கண்ணால் அவரைப் பார்த்தாள். "அடியோட வெட்டிட்டா அவன் எங்க வந்து உக்காருவான்?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவனைப் பற்றி அந்த வீட்டில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அவர் கோடரிக்காரரைக் கூப்பிடவில்லை.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவரே வீட்டு வேலைகளைச் செய்தார். அதனால்தான் அவர் அதைப் பார்க்க நேர்ந்தது. பஞ்சு மாற்றும் நேரத்தில் அவள் கட்டுத்துணியைத் தானே நறுக்கினாள். கத்திரியை இடது கையில் பிடித்திருந்தாள்.

"ஏன் இடது கையால வெட்டுற?"

"எப்பவும் இடது கையாலதான் வெட்டுவேன்."

"நீ இடது கைக்காரியா?"

"எழுதுறது, சாப்பிடுறது எல்லாம் வலது கை. வெட்டுறது மட்டும் இடது. காய் நறுக்குறது, துணி வெட்டுறது, எல்லாம்."

மருமகனோடு பார்க்க வந்திருந்த மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, இது நம்ம வீட்டுக்கு வந்த கேஸ் சிலிண்டர்காரருக்குக்கூடத் தெரியும்பா."

கண்ணாடிக்காரர் டிராயரைத் திறந்து, அவளுக்கு அவர் போட்டுக் கொடுத்த கண்ணாடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கைக் கத்திரியை இடது கையில் பிடித்தால், அலகை மூடிவைக்கும் பூட்டு விரல்களின் பக்கம் வந்துவிடும். அழுத்தும்போது விரல் பட்டு அது தானாகப் பூட்டிக்கொள்ளும். அலகும் இடம் மாறி, வெட்டுகிற கோட்டை மறைக்கும். அவள் சொன்ன ஒவ்வொரு குறையும் சாக்குதான், ஆனால் ஒவ்வொன்றும் உண்மை. கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். எது நன்றாக இருக்கிறது என்று அவர் கேட்டாரே தவிர, எந்தக் கை என்று கேட்டதில்லை.

இந்த முறை அவளையும் கடைக்குக் கூட்டிப் போனார். ஸ்டூலில் அவள் உட்கார்ந்தாள். கடைக்கார அம்மாள் வழக்கப்படி இரண்டை எடுத்து நீட்ட, அவர் தலையசைத்து, "இடது கைக்கு இருக்கா?" என்று கேட்டார். அந்த அம்மாள் உள்ளே போய், ஒரு முறை தவறுதலாக வந்து யாரும் வாங்காமல் பின்சுவரில் தொங்கிய ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டார். அவள் அதை இடது கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, திறந்து மூடிப் பார்த்தாள். பிடி நான்கு விரலுக்குள் அடங்கியது. கட்டை விரல் பூட்டைத் தானாகப் போய்த் தொட்டது. கண்ணாடிக்காரர் ஒப்பிட இன்னொன்றைக் கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"இதுதான்" என்றாள் அவள்.

கண் ஆறியதும் அவள் வெட்டினாள். அவர் முன்னறைக்குப் போகவில்லை. பக்கத்தில் நின்று, முள் படாமல் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கிளைகளை வளைத்துப் பிடித்தார். முதலில் கண்ணில் அடித்த கிளை. பிறகு நடுவில் காய்ந்தவை, பிறகு ஒன்றோடொன்று உரசியவை. ஒவ்வொன்றையும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக, நார் இழுக்காமல் வெட்டினாள். ஜன்னல் வெளிச்சம் பல வருடத்துக்குப் பிறகு மேஜைமேல் விழுந்தது. அவள் நிறுத்தினாள்.

"மீதி?" என்று அவர் கேட்டார்.

"மீதி இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்று அவரும் சொன்னார்.

இதற்கிடையில் மகள் தம்பிக்குப் போன் செய்திருந்தாள். அம்மா கண்ணில் முள் கீறிவிட்டது, உன் நாற்காலி முள்தான் என்றாள். "என் நாற்காலிக்கு எப்படிக்கா முள் வந்துச்சு?" என்று அவன் கேட்டான். நாற்காலி துளிர்த்ததை இத்தனை வருடமாக அவனிடம் யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "வந்து பாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவன் வந்ததும் மரம் வாடிவிடும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பார்ப்பதற்குச் சிலர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்கள். கார்டு முதலிலேயே வந்துவிட்டார், அவர் நிழல் இன்னும் வந்துகொண்டிருந்தது. மரம் வாடவில்லை. அறை முழுக்கப் பூ வாசனையாக இருந்தது, ஆனால் அது பூக்கும் பருவம்தான். மகன் மரத்தைச் சுற்றி நடந்து, பட்டைக்கு வெளியே தெரிந்த முதுகுச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தான். "இதுல எங்க உக்கார்றதும்மா?" என்றான். அம்மா கடையிலிருந்து, வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள்.

சாப்பாடு பரிமாறியாயிற்று. கண்ணாடிக்காரரின் பார்வை மகன் முகத்திலேயே இருந்தது. அவன் கண்ணாடிச் சட்டம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. வேறு யாரோ பொருத்தியது. அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, நீட்டினார்.

"கொடு."

மகன் அம்மாவைப் பார்த்தான். கழற்றிக் கொடுத்தான். அவர் முன்னறைக்குப் போய்க் காதுக் கம்பியைச் சூடாக்கி வளைத்துக் கொண்டுவந்து, அவரே அவன் முகத்தில் மாட்டினார். அவர் வாயில் அந்தப் பழைய கேள்வி வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவர் அதை விழுங்கினார்.

"காதுக்குப் பின்னாடி வலிக்குதா?"

மகன் காதுக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்த்தான். "கொஞ்சம்" என்றான்.

அவர் மறுபடி வாங்கிப் போனார், மறுபடி கொண்டுவந்தார். "இப்ப?"

"இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம் கொஞ்சம் இருக்குப்பா."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. மகள் தன் தட்டை மூடி வைத்தாள். ஜன்னலில் நின்றவர்கள் பார்க்க வேறொன்றும் இல்லை என்று கலைந்து போனார்கள். அவர் முன்னறைக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் மகன், சீக்கிரம் முடிக்கலாம் என்று எதையும் சொல்லாமல், தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, இருப்பதை இருப்பதாகச் சொன்னான். கடைசியில் இல்லை என்றான். அப்பா நின்றுகொண்டே, உண்மையாகவா என்பதுபோலக் குனிந்து பார்த்தார். "வலிக்கலப்பா" என்றான் அவன். எல்லோரும் ஆறின சோற்றைச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு மகன் வருடத்தில் இரண்டு மூன்று முறை வந்து போனான். மரம் அங்கேயே இருக்கிறது. அவன் வருவதாகத் தகவல் வந்தால், முந்தின நாளே பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பின்னால் தாழ்ந்திருக்கும் கிளைகளை அம்மா வெட்டி, முதுகு சாய இடம் செய்வாள். அப்பா கிளையை வளைத்துப் பிடித்துக்கொள்வார். அடுத்த மழைக்குள் அந்த இடம் மறுபடி துளிர்த்துவிடும், மறுபடி வெட்டுவார்கள்.